வறண்ட ஆற்றுக்கு எத்தனை அடி ஆழம்?

2021 நவம்பரில் பொன்னையாற்றில் பெருவெள்ளம் வந்தது. சித்தூர் நகரத்தருகே நீவா என்ற பெயரில் ஓடி, தமிழ்நாட்டுக்குள் இறங்கி, திருவலம் பக்கம் பாலாற்றில் சேரும் ஆறு அது. வெள்ளம் வடிந்து ஆற்றில் பழையபடி மணல் தெரியத் தொடங்கிய பிறகு, டிசம்பர் கடைசியில்தான், முகுந்தராயபுரத்துக்கும் திருவலத்துக்கும் இடையில் அந்த ஆற்றைக் கடக்கும் ரயில் பாலத்தின் தூண்கள் பாதிக்கப்பட்டிருப்பது தெரியவந்தது. சென்னை–பெங்களூரு தடத்தில் பல ரயில்கள் ரத்தாயின. அந்த இடத்திலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் அப்பால், மேட்டு நிலத்தில், குப்பத்தை அடுத்து இருக்கிறது குடுபல்லி ரயில் நிலையம். ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூருக்கு 1864இல் போடப்பட்ட தடத்தில் உள்ள சிறு நிலையம். குடுபல்லியில் எந்த வெள்ளமும் இல்லை. ஆனால் அங்கிருந்து சென்னைக்குப் போகும் பயணம் பொன்னையாற்று மணலின் நிலைமையைப் பொறுத்திருந்தது. வெள்ளம் நவம்பரில், சேதம் தெரிந்தது டிசம்பரில் என்ற அந்த இடைவெளியைத்தான் இந்தக் கட்டுரை விளக்க முயல்கிறது. ஆண்டு முழுக்கத் தண்ணீர் ஓடும் ஆற்றைவிட, பத்து மாதம் வறண்டு கிடக்கும் ஆற்றில் பாலம் கட்டுவதும் காப்பதும் கடினம். குப்பம் முதல் திருப்பதி வரை உள்ள ஆறுகள் எல்லாமே இந்த இரண்டாம் வகை. ஆனால் பாலங்களைப் பற்றிய நம் பேச்சும் பணமும் கவனமும் தரைக்கு மேல் தெரியும் பகுதியிலேயே நின்றுவிடுகின்றன.

பாலம் என்றால் நம் கண்முன் வருவது அதன் உடல். 1914இல் திறந்த பாம்பன் பாலத்தின் தூக்கும் இரும்புக் கைகள், 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்தில் செங்குத்தாக மேலெழும் தளம், திருப்பதி நகருக்குள் 2023இல் திறந்த சீனிவாச சேது மேம்பாலத்தின் நீளம் ஆகியவை படமெடுக்கத் தக்கவை, பெருமைப்படத் தக்கவை. ஆனால் உலகெங்கும் ஆற்றுப் பாலங்கள் விழுந்த காரணங்களை வரிசைப்படுத்திப் பார்த்தால், தளம் முறிந்தோ இரும்பு துருப்பிடித்தோ விழுந்தவற்றைவிட, அடியிலிருக்கும் மண்ணை வெள்ளம் அள்ளிக்கொண்டு போனதால் விழுந்தவையே முன்னால் நிற்கின்றன. இதை அடியரிப்பு என்று சொல்லலாம். தூணைத் தண்ணீர் இடித்துத் தள்ளுவதில்லை. தூண் நிற்கும் மண்ணைத்தான் அது எடுத்துக்கொள்கிறது. தூண் முழுசாக, விரிசல்கூட இல்லாமல், அப்படியே சாய்ந்துவிடும்.

தண்ணீர் இதை எப்படிச் செய்கிறது என்று கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். ஓடிவரும் வெள்ளம் தூணின் முகத்தில் மோதுகிறது. மேல்பகுதி நீர் வேகமாகவும் அடிப்பகுதி நீர் மெதுவாகவும் வருவதால், தூணின் முகத்தில் மேலே அழுத்தம் அதிகம், கீழே குறைவு. எனவே தண்ணீர் தூணை ஒட்டியபடி கீழ்நோக்கிப் பாய்கிறது. அடியை எட்டியதும் மணலைக் கிண்டி, சுருண்டு, தூணின் இரு பக்கமும் குதிரை லாடம் போல வளைந்து பின்னால் போகிறது. அந்தச் சுழல் மணலைத் தூக்கிக் கொடுக்க, ஓட்டம் அதைக் கடத்திக்கொண்டு போகிறது. பள்ளம் ஆழமாக ஆகச் சுழலின் வலிமை குறைந்து, ஒரு கட்டத்தில் தோண்டுவது நிற்கும். இது தூணைச் சுற்றி மட்டும் நடக்கும் அரிப்பு. இதுதவிர, பாலத்தின் கண்கள் ஆற்றின் இயல்பான அகலத்தைவிடக் குறுகலாக இருந்தால், அதே தண்ணீர் குறைந்த அகலத்தில் வேகமாகப் போக வேண்டியிருப்பதால் பாலத்தடி முழுவதுமே ஆழமாகிறது. இவை இரண்டும் சேர்ந்துதான் தூணின் விதியைத் தீர்மானிக்கின்றன.

எவ்வளவு ஆழம் வரை அரிக்கும் என்பதற்கு இந்தியப் பொறியாளர்கள் இன்றும் கையாளும் கணக்கு 1930இல் ஜெரால்டு லேசி வெளியிட்டது. வட இந்தியப் பாசனக் கால்வாய்களை வைத்து உருவானது. ஒரு மீட்டர் அகலத்துக்கு விநாடிக்கு எத்தனை கனமீட்டர் வெள்ளம் பாய்கிறது, மணல் எவ்வளவு பருமன் என்ற இரண்டே விவரம் போதும். பாலாற்றில் கிடப்பது போன்ற பெருமணல், துகளின் சராசரி விட்டம் 0.8 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மீட்டருக்கு விநாடிக்குப் பத்து கனமீட்டர் வெள்ளம் வந்தால், வெள்ளத்தின் மேல்மட்டத்திலிருந்து சராசரி அரிப்பு ஆழம் சுமார் 5.3 மீட்டர். தூணருகே அதை இரண்டால் பெருக்க வேண்டும் என்பது நம் சாலைப் பாலங்களின் விதி, ஆக 10.7 மீட்டர். அதற்கும் கீழே பிடிமானம் வேண்டுமல்லவா? மூன்றில் ஒரு பங்கைக் கூட்டினால் அடித்தளம் வெள்ள மட்டத்திலிருந்து சுமார் 14 மீட்டர் கீழே போக வேண்டும். இப்போது செலவைக் குறைப்பதாக எண்ணி, பாலத்தின் நீளத்தைப் பாதியாக்கி, மீதியை மண்மேடு போட்டு அடைத்துவிட்டோம் என்று கொள்வோம். மீட்டருக்கான வெள்ளம் இரட்டிப்பாகும். தூணருகே அரிப்பு 17 மீட்டரைத் தொடும். அடித்தளம் 22 மீட்டருக்கும் கீழே இறங்க வேண்டும். மேலே மிச்சம் பிடித்ததைக் கீழே கொடுத்தாக வேண்டும். கீழேயும் கொடுக்காதவர்கள் பிறகு ஒரு மழையில் மொத்தமாகக் கொடுப்பார்கள்.

கால்வாய்களுக்குப் போட்ட கணக்கு, சில மணி நேரமே ஓடும் காட்டாற்று வெள்ளத்துக்குப் பொருந்துமா, அவ்வளவு ஆழம் தோண்ட அதற்கு நேரம் ஏது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். களிமண்ணாக இருந்தால் அந்த வாதம் செல்லும். களிமண் ஒட்டிக்கொண்டு நிற்கும், பல வெள்ளங்கள் சேர்ந்துதான் அதைக் கரைக்கும். பெருமணல் அப்படியல்ல. அது எதனோடும் ஒட்டாது. வெள்ளம் உச்சத்தில் நிற்கும் சில மணி நேரத்திலேயே பள்ளம் ஏறக்குறைய முழு ஆழத்தை எட்டிவிடும். நம் ஆறுகளில் கிடப்பது அந்தப் பெருமணல்தான்.

வறண்ட ஆற்றின் முதல் தந்திரம் இங்கேதான் இருக்கிறது. வெள்ளம் ஏறும்போது தோண்டிய பள்ளத்தை, இறங்கும்போது ஆறே மூடிவிடுகிறது. ஓட்டம் தளர்ந்ததும் மேலிருந்து வரும் மணல் பள்ளத்தில் விழுந்து நிரம்பும். தண்ணீர் வற்றியபின் போய்ப் பார்த்தால் ஆற்றின் மேற்பரப்பு சமமாக, எதுவும் நடக்காதது போலக் கிடக்கும். ஆனால் தூணைச் சுற்றி இப்போது இருப்பது நூறாண்டு இறுகிய மணல் அல்ல. நேற்று விழுந்த உதிரி. அதன் தாங்கும் திறன் வேறு. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், நம் பாலாறு போல ஆண்டின் பெரும்பகுதி வறண்டிருக்கும் மணல் ஓடைகளில் லூனா லியோபோல்டும் அவருடைய தோழர்களும் 1950களின் இறுதியிலிருந்து இதை அளந்தார்கள். ஒவ்வொரு வெள்ளத்திலும் ஓடையின் படுகை தோண்டப்படுவதும் அதே வெள்ளத்தின் வால்பகுதியில் திரும்ப நிரம்புவதும் அவர்களுடைய அளவீட்டில் தெளிவாகத் தெரிந்தன. வெள்ளத்தின்போது தண்ணீருக்குள் பார்க்க முடியாது. வெள்ளத்துக்குப் பின் மணல் மூடிவிடுகிறது. பரிசோதகர் வரும்போது தடயம் இருப்பதில்லை. பொன்னைப் பாலம் வெள்ளம் வடிந்து ஒரு மாதம் கழித்துத் தன் பாதிப்பைக் காட்டியதில் எனக்கு வியப்பில்லை.

கட்டடம் நின்ற இடத்தில் விழுவதற்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை ஸ்ரீகாளஹஸ்தி காட்டும். சுவர்ணமுகிக் கரையில் 1516இல் கிருஷ்ணதேவராயர் எழுப்பிய ஏழுநிலை ராஜகோபுரம் 2010 மே 26 அன்று சரிந்தது. ஆனால் அது சொல்லாமல் விழவில்லை. சுவரில் விரிசல் கண்டது, அது அகன்றுகொண்டே போனது, ஊரே பார்த்தது. மக்களை அப்புறப்படுத்த அவகாசம் கிடைத்தது. பின்னர் 2017இல் புதுக் கோபுரத்துக்குக் குடமுழுக்கும் ஆயிற்று. கல்லும் செங்கல்லும் வலியெடுத்தால் விரிசல் விட்டுக் காட்டும். மணலுக்குள் நிற்கும் தூண் கடைசி நிமிடம்வரை நிமிர்ந்தே நிற்கும்.

இப்படிப்பட்ட மணலில் நம் முன்னோர்கள் எப்படிக் கட்டினார்கள்? 1836இல் கொள்ளிடத்தின் மேலணையைக் கட்டிய ஆர்தர் காட்டன், ஆழம் தெரியாத தளர்ந்த மணலில் அடித்தளம் போடும் வித்தையைக் கல்லணை கட்டியவர்களிடமிருந்தே கற்றதாக வெளிப்படையாக ஒப்புக்கொண்டிருக்கிறார். அதோடு சேர்ந்தது இன்னொரு உள்ளூர் வித்தை: கிணறு இறக்குவது. பாலாற்று மணலில் குடிநீருக்கு உறைகிணறு இறக்குவதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். ஆற்று மணல்மீது வட்டமான ஓர் அடிவளையம் வைக்கப்படும். அதன் கீழ்விளிம்பு கத்திபோலக் கூராக இருக்கும். அதன்மேல் செங்கல்லிலோ கல்லிலோ சுவர் எழுப்புவார்கள். ஆள் உள்ளே இறங்கி, வளையத்தின் அடியிலிருந்து மணலை அள்ளி வெளியே அனுப்ப, கிணறு தன் எடையாலேயே மெல்ல இறங்கும். இறங்க இறங்க மேலே சுவர் ஏறும். ஊற்று வந்துவிட்டால் மூழ்கித்தான் அள்ள வேண்டும். சில நேரம் பக்கச்சுவரை மணல் பிடித்துக்கொண்டு கிணறு நகராது; மேலே கல்லும் தண்டவாளமும் ஏற்றிப் பாரம் கூட்டுவார்கள். இன்னும் சில நேரம் ஒரு பக்கம் சாயும். அப்போது உயர்ந்து நிற்கும் பக்கத்தின் அடியில் மட்டும் மணலை எடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக நேராக்குவார்கள். இதற்குப் பொறுமையும் கைப்பழக்கமும் வேண்டும். சாய்ந்த கிணற்றை நிமிர்த்துகிற மேஸ்திரிக்கு அன்றும் இன்றும் தனி மதிப்பு. பாறையையோ கெட்டியான மண்ணையோ எட்டியதும் அடியைக் காரையாலோ கான்கிரீட்டாலோ அடைத்து, உள்ளே மணல் நிரப்பி, மேலே மூடி போட்டு, அதன்மேல் தூண் எழும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்திய ரயில்வே மணலாறுகளைக் கடந்தது இந்த முறையால்தான். இன்றைக்கும் பெரிய ஆறுகளில் கான்கிரீட் கிணறுகள் இப்படித்தான் இறங்குகின்றன; ஆளுக்குப் பதில் கிரேன் அள்ளுகிறது.

இதை வைத்துச் சிலர் வேறொரு முடிவுக்கு வருகிறார்கள். அந்தக் காலத்தவர் கட்டிய பாலம் நூற்றைம்பது ஆண்டு நிற்கிறது, நாம் கட்டியது ஒரே மழைக்குப் போகிறது. ஆக ஊழல்தான் காரணம், அறிவியல் எல்லாம் சாக்கு என்பது தேநீர்க் கடைகளில் அடிக்கடி கேட்கும் வாதம். ஊழல் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்தக் காலத்தில் விழுந்த பாலங்களை நாம் இன்று பார்ப்பதில்லை. நின்றவற்றை மட்டுமே பார்த்து மொத்தத்துக்கும் மதிப்பெண் போடுகிறோம். 1902 செப்டம்பரில் கடப்பை மாவட்டம் மங்கபட்டணத்தில் மழைவெள்ளம் ஒரு ரயில் பாலத்தை அடித்துக்கொண்டு போக, மெட்ராஸ் மெயில் அதில் விழுந்து பலர் இறந்தார்கள். 1956 நவம்பரில் அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் பழுதாகி, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதற்குப் பொறுப்பேற்றுத்தான் லால் பகதூர் சாஸ்திரி ரயில்வே அமைச்சர் பதவியை விட்டார். இவை எல்லாம் வெள்ளைக்காரன் காலத்துக் கட்டுமானத்தின் பெருமைப் பட்டியலில் இடம்பெறுவதில்லை. இன்னொன்று, நின்ற பாலங்களின் கீழே இருந்த ஆறு இன்று அதே ஆறு இல்லை. திருச்சியில் 1928இல் கட்டிய பழைய கொள்ளிடம் பாலம் தொண்ணூறு ஆண்டு தாங்கியது. போக்குவரத்து புதிய பாலத்துக்கு மாறி, மேலே பாரமே இல்லாமல் நின்றிருந்த நிலையில், 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் அதன் தூண்கள் சரிந்தன. வண்டிப் பாரம் அதைக் கொல்லவில்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

ஆறு எப்படி மாறியது என்றால், முதல் பதில் மணல். அரிப்பின் ஆழம் வெள்ளத்தின் மேல்மட்டத்திலிருந்து அளக்கப்படுகிறது என்று பார்த்தோம். பாலத்தின் மேலும் கீழும் மூன்று மீட்டர் மணலை அள்ளிவிட்டால் படுகை இறங்கும், படுகையோடு வெள்ள மட்டமும் இறங்கும், அதனோடு அரிப்பின் அடிமட்டமும் அதே மூன்று மீட்டர் இறங்கும். அடித்தளம் மட்டும் பழைய இடத்திலேயே நிற்கும். கட்டும்போது கணக்காக விட்டுவைத்த பிடிமானம் அப்படியே காணாமல் போகும். பொறியாளர் தவறு செய்யவில்லை, ஒப்பந்தக்காரர் சிமெண்டைத் திருடவில்லை. ஆனாலும் பாலம் ஆபத்தில் இருக்கும். போர்ச்சுகலில் 1887இல் கட்டிய இன்ட்சி ரிபெய்ரோ பாலம் 2001 மார்ச் 4 இரவு தோரோ ஆற்றில் விழுந்து, ஒரு பேருந்தும் கார்களும் உள்ளே போய் 59 பேர் இறந்தார்கள். பல ஆண்டுகள் நடந்த மணல் அள்ளல் அடித்தளத்தை வெளிக்கொண்டுவந்திருந்தது விசாரணையில் தெரிந்தது. சுவர்ணமுகியிலும் பாலாற்றிலும் பொன்னையிலும் மணலுக்கு என்ன ஆயிற்று என்பதை இந்தப் பக்கத்து வாசகருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இரண்டாவது பதில் ஏரிகள். ஒரு பாலத்துக்கு எவ்வளவு வெள்ளம் வரும் என்று கணிக்கச் சென்னை மாகாணத்தில் 1884 முதல் பயன்பட்டது ரைவ்ஸ் சூத்திரம். நீர்ப்பிடிப்பின் பரப்பை எடுத்து, அதன் மூன்றில் இரண்டு அடுக்கை ஓர் எண்ணால் பெருக்குவது. ஆயிரம் சதுர கிலோமீட்டர் பரப்புக்கு அடுக்கு நூறு. கடலிலிருந்து 80 முதல் 160 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பகுதிக்கு எண் 8.5; ஆக விநாடிக்கு 850 கனமீட்டர். கடலோரத்துக்கு எண் குறைவு, மலைப்பகுதிக்கு அதிகம். எளிமையான, அன்றைக்குப் பயனுள்ள கணக்கு. ஆனால் அது பரப்பை மட்டுமே அறியும். அந்தப் பரப்பில் சங்கிலித் தொடராக ஏரிகள் இருப்பதும், அவை ஒன்றன்பின் ஒன்றாக உடைந்தால் என்ன ஆகும் என்பதும் அதற்குத் தெரியாது. 1903 நவம்பரில் பாலாற்றின் தலைப்பகுதியில், அன்றைய மைசூர் நாட்டில், பேத்தமங்கலம் உள்ளிட்ட ஏரிகள் உடைந்தன. அந்தத் தண்ணீர் குப்பம் பக்கத்து நிலத்தின் வழியே பாய்ந்து வாணியம்பாடியில் பேரழிவு செய்தது. ஒரு ஏரி நிற்கும்வரை வெள்ளத்தை வாங்கி மெதுவாக விடுகிறது. உடைந்தால், மூன்று நாள் மழையை மூன்று மணி நேரத்தில் கொட்டிவிடுகிறது. இது பழங்கதையுமல்ல. 2005 அக்டோபரில் நல்கொண்டா மாவட்டம் வலிகொண்டாவில் ஒரு சிறு ஏரி உடைந்து தண்டவாளத்தை அடித்துச் சென்றது. அதில் வந்த ரயில் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2021 நவம்பர் மழையில் செய்யேற்றின் குறுக்கே இருந்த அன்னமய்யா அணையின் மண்கரை உடைந்தது. திருச்சானூர் பக்கம் சுவர்ணமுகியில் பாலம் இடிந்தது. கரையோர வீடு ஒன்று ஆற்றுக்குள் சரிந்த காட்சியைப் பலர் கைபேசியில் பார்த்திருப்பார்கள். அதே வாரத்தில் திருப்பதி அருகே, கிருஷ்ணதேவராயர் காலத்தது என்று சொல்லப்படும் ராயலசெருவின் கரையில் கசிவு கண்டு, கீழேயிருந்த ஊர்களைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. மணல் மூட்டைகளால் கரை தப்பியது. தப்பாமல் போயிருந்தால், கீழேயுள்ள எந்தப் பாலத்தின் கணக்கிலும் அந்தத் தண்ணீர் இல்லை.

இவ்வளவு சொன்ன பிறகும் நிதித்துறை அதிகாரி ஒருவர் கேட்கக்கூடிய கேள்வி மிச்சமிருக்கிறது. ஐம்பது ஆண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளத்துக்காக மணலுக்குள் இத்தனை கோடியைப் புதைக்க வேண்டுமா? அந்தப் பணத்தில் இன்னும் நான்கு ஊருக்குச் சாலை போடலாமே? 1957இல் அமைந்த கோஸ்லா தலைமையிலான பொறியாளர் குழு, குறைந்தது ஐம்பதாண்டு வெள்ளத்துக்காவது பாலங்கள் திட்டமிடப்பட வேண்டும் என்றது. அந்தச் சொல் நம்மை ஏமாற்றுகிறது. ஐம்பதாண்டு வெள்ளம் என்றால் ஐம்பது ஆண்டு கழித்துத்தான் வரும் என்று பொருளில்லை. எந்த ஓர் ஆண்டிலும் அது வர நூற்றில் இரண்டு பங்கு வாய்ப்பு என்று பொருள். நூறாண்டு நிற்க வேண்டிய பாலம் அப்படிப்பட்ட வெள்ளத்தை ஒருமுறையாவது சந்திக்க 87 சதவீத வாய்ப்பு இருக்கிறது. நூறாண்டு வெள்ளத்துக்குக் கட்டினாலும், அதன் ஆயுளுக்குள் அதைவிடப் பெரிது வர 63 சதவீதம். வராமல் போனால்தான் அதிசயம். தவிர, இந்த வாய்ப்பெல்லாம் பழைய மழைப் பதிவை வைத்துப் போட்டவை. வறண்ட ஆறுகளில் வெள்ளத்தை அளந்த பதிவுகளே குறைவு. அதேசமயம் அதிகாரியின் கேள்வியில் ஒரு நியாயம் உண்டு, அதை மறுக்கக் கூடாது. கிராமச் சாலை ஒவ்வொன்றுக்கும் 20 மீட்டர் ஆழ அடித்தளம் போட முடியாது. அங்கே தரைப்பாலம் நேர்மையான விடை. வெள்ளம் வந்தால் மேலே ஏறிப் போகட்டும், சில நாள் வழி அடைபடட்டும் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டு கட்டுவது. மூழ்கிய தரைப்பாலத்தில் வண்டியை இறக்குபவர்களால்தான் சாவு நடக்கிறது. அதற்குத் தடுப்புக் கட்டையும் காவலும் வேண்டும். உயர்ந்த பாலம் போலத் தோன்றி, தரைப்பாலத்தின் அடித்தளத்தோடு நிற்பதுதான் உண்மையில் ஆபத்தானது.

இன்றைக்குத் துளையிட்டுப் பாறைவரை கான்கிரீட் குத்துத்தூண்கள் இறக்குகிறோமே, அடியரிப்புப் பழைய பாலங்களின் நோய்தானே என்று பொறியாளர்களே கேட்பதுண்டு. பாதி உண்மை. பாறையில் ஊன்றிய தூணை அரிப்பால் கவிழ்ப்பது கடினம். ஆனால் சுற்றியிருந்த மணல் போனால், பக்கவாட்டுப் பிடிமானம் இல்லாமல் தூணின் தனித்து நிற்கும் நீளம் கூடும், வளையும் அபாயமும் கூடும். அதைவிட முக்கியம், நடுவில் தோற்ற வெள்ளம் ஓரத்துக்குப் போகும். பாலத்தின் இரு முனைகளிலும் சாலையைப் பாலத்தோடு சேர்க்கும் மண்மேடுகள்தான் பிறகு கரைகின்றன. பாலம் நடு ஆற்றில் அழகாக நிற்க, இரு பக்கமும் சாலை இல்லாமல் போன காட்சி அண்மை வெள்ளங்களில் நமக்குப் பழகிப்போனது. அமெரிக்காவில் 1987 ஏப்ரலில் ஸ்கோஹாரி ஓடைப் பாலம் விழுந்து பத்துப் பேர் இறந்தது நவீனக் கட்டுமானத்துக்கே நடந்தது. 1950களில் கட்டிய பாலம் அது. அடித்தளத்தைக் காக்கக் கொட்டியிருந்த பாறைகளை முந்தைய வெள்ளங்கள் அடித்துப் போயிருந்தன, யாரும் திரும்பக் கொட்டவில்லை. அதன் பிறகுதான் அந்த நாடு தன் பாலங்கள் ஒவ்வொன்றின் அடியையும் கணக்கெடுக்கத் தொடங்கியது.

குப்பம் பகுதிக்கென்று தனியாக ஒன்று சொல்ல வேண்டும். பாலாறு ஆந்திரத்துக்குள் ஓடும் தூரம் சுமார் 33 கிலோமீட்டர்தான். அதற்குள் தடுப்பணைகள் பல எழுந்துவிட்டன. தமிழ்நாட்டில் அவை தண்ணீர் உரிமைச் சண்டையாக மட்டுமே பேசப்படுகின்றன. பாலத்தின் கண்ணோட்டத்தில் அவற்றுக்கு இன்னொரு முகம் இருக்கிறது. தடுப்பணை தனக்கு மேலே மணலைத் தேக்குகிறது. அதைத் தாண்டி விழும் தண்ணீர் மணல் சுமையில்லாமல் வருவதால், கீழேயுள்ள படுகையிலிருந்து மணலை அள்ளிக்கொள்ளும். ஆகவே பாலத்துக்குச் சற்றுக் கீழே கட்டிய தடுப்பணை அதன் தூண்களுக்குக் காவல். பாலத்துக்குச் சற்று மேலே கட்டியது பகை. ஒரே செலவு, ஒரே உயரம், சில நூறு மீட்டர் இடம் மாறினால் பலன் தலைகீழ். பாசனத்துறையும் சாலைத்துறையும் ரயில்வேயும் ஒரே வரைபடத்தைப் பார்த்து முடிவெடுத்தால் இது இலவசமாகக் கிடைக்கும் பாதுகாப்பு. மூன்றும் தனித்தனியாகத் திட்டம் போடும்வரை, எந்தப் பக்கம் விழும் என்பது தற்செயல்.

ரயில் பாலங்களின் தூண்களில் வெள்ளம் எட்டிய உயரமும் அபாய அளவும் வண்ணத்தில் எழுதியிருப்பதைப் பார்க்கலாம். வெள்ளம் எவ்வளவு ஆழம் தோண்டியது என்பதற்கு அப்படி ஒரு குறி கிடையாது. அதை அறிய விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. லியோபோல்டு குழு நியூ மெக்சிகோவில் பயன்படுத்தியது சாதாரண இரும்புச் சங்கிலி. மணலில் செங்குத்தாகக் குழி போட்டு, சங்கிலியை நேராகத் தொங்கவிட்டு மூடிவிடுவார்கள். வெள்ளம் மணலைத் தோண்டினால், பிடிப்பிழந்த கண்ணிகள் ஓட்டத்தின் திசையில் சாய்ந்து படுத்துவிடும். பிறகு மணல் வந்து மூடினாலும் அவை படுத்தபடியே இருக்கும். ஆறு வறண்டபின் தோண்டிப் பார்த்து, சங்கிலி எந்த ஆழத்தில் மடங்கியிருக்கிறது என்று அளந்தால், அந்தப் பருவத்தின் உச்ச அரிப்பு தெரிந்துவிடும். ஆண்டு முழுக்க நீர் ஓடும் ஆற்றில் இந்த வித்தை கடினம். பத்து மாதம் வறண்டு கிடக்கும் பாலாற்றுக்கும் பொன்னைக்கும் சுவர்ணமுகிக்கும் இதைவிடப் பொருத்தமானது இல்லை. தூணுக்கு ஒரு சங்கிலி, மே மாதத்தில் தோண்ட இரண்டு ஆள், அளந்ததை எழுத அந்தப் பாலத்தின் பதிவேட்டில் ஒரு பத்தி. ஏரி உடையும் ஆண்டில் அந்தப் பத்தியில் வரும் எண், அடித்தளத்தின் ஆழத்துக்கு எவ்வளவு நெருங்கியிருக்கிறது என்று பார்த்தே அடுத்த மழைக்கு முன் பாறை கொட்டுவதா, பாலத்தை மூடுவதா என்று தீர்மானிக்கலாம்.